கஞ்சாக் கடையின் முதல் வியாபாரம்

என் தம்பி பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷபெலில் கஞ்சாக் கடை திறந்தான். சட்டப்படிதான். போதை ஏறாத வகை அது. பூவாகவும் எண்ணெயாகவும் தேநீர்த்தூளாகவும் பிரான்சில் ஊருக்கு ஊர் கண்ணாடி அலுமாரியில் வைத்து விற்கிறார்கள். இதை ஒவ்வொரு உறவினருக்கும் தொலைபேசியில் விளக்கி விளக்கி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "ஓம் பிள்ளை, விளங்குது" என்பார்கள். விளங்கியிருக்காது.

இதே தம்பியைத்தான் படிப்பு முடித்த கோடையில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பொலிஸ் மறித்தது. சட்டைப்பையில் நகத்தளவு கஞ்சாப் பிசின் இருந்தது. வழக்கு வந்தது, தீர்ப்பு வந்தது, அவன் பெயரில் குற்றப்பதிவும் வந்தது. அந்தப் பதிவு அவனுக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகச் சாத்தியது. விமான நிலையத்தில் வேலை இல்லை, காவலாளி வேலைகூட இல்லை. உணவகங்களின் பின்பக்கம் நின்று சட்டி கழுவினான்.

பிறகு சட்டம் இளகியது. தாடி வைத்த இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் அதே வட்டாரத்தில் கஞ்சாக் கடை போட்டார்கள். பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் புகைத்துப் பழகியவர்களாம், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்கள் செய்தது இளமைக் குறும்பு, என் தம்பி செய்தது குற்றம். எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனால் குணத்தில் தங்கமான பிள்ளைகள். பழசைக் கிளறாமல் தம்பிக்கு வேலை கொடுத்தார்கள், தொழிலும் சொல்லிக் கொடுத்தார்கள். தனிக்கடை போடப்போகிறேன் என்று அவன் சொன்னபோது கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். கடைக்கு இடம் தர மறுத்தவர்கள் நம்முடைய ஆட்கள்தான். கடைசியில் ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர் தன் இடத்தைக் கொடுத்தார். "பப்பியே, பத்திரமெல்லாம் சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன தம்பி, தெறங்க" என்றார். அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

இனி அம்மாவின் கதை. எங்கள் ஆட்கள் கடை திறந்தால் முதல் வியாபாரம் கைராசியுள்ள ஒருவர் கையால் நடக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படியொரு கை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் புடைவைக்கடையானாலும் நகைக்கடையானாலும் திறப்புநாளில் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தம்பியும் கேட்டான்.

"உனக்கு விசரே? என்ரை கையாலை அந்தச் சாமான் வாங்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"அப்ப நான் ஒருத்தருக்கும் விக்கமாட்டன். நீங்கள் வாங்கும்வரைக்கும் கடை பூட்டித்தான் கிடக்கும்."

இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம். நடுவில் நான் அல்லாடினேன்.

திறப்புநாள் காலை நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, வாசலில் தேங்காயும் உடைத்தாயிற்று. தம்பி பட்டு வேட்டியில் மாப்பிள்ளை போல நின்றான். அம்மா வரவில்லை. ஒரேயடியாக அப்படியும் சொல்ல முடியாது. எதிர்ப்பக்க மரக்கறிக்கடையில் நின்று முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தார். முருங்கைக்காய் வாங்க அவ்வளவு நேரம் எடுத்த ஒருவரை நான் கண்டதில்லை.

குளிருகிறது என்று பூசைக்கு வந்த ஐயர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

"ஐயா, காணும், போதும்" என்றேன்.

"கண்ணூறு கழியவேணுமெல்லோ பிள்ளை" என்று இன்னொரு கை போட்டார்.

கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கஞ்சா இலை வரைந்த பெயர்ப்பலகைக்குக் கீழிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று தெருவுக்குப் பாய்ந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவர் நினைப்பார்? ரோந்தில் வந்த இரண்டு பொலிஸாரும் அதையேதான் நினைத்தார்கள். ஒருவர் பெண், மற்றவர் ஆண்.

"கடைக்காரர் யார்?" என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டார்.

தம்பி யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான். பட்டு வேட்டியோடு அப்படி நின்றவனைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா தெருவைக் கடந்து வந்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, பின்னால் காசு கேட்டபடி மரக்கறிக்கடைக்காரர். ஐயரின் கையிலிருந்த தூபக்காலைப் பறித்து, பொலிஸ்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சொந்தே, மிசியே! சொந்தே!" மணந்து பாருங்கள் என்கிறார். பிறகு மேலே கையைக் காட்டி, "தியே! தியே!" என்றார். கடவுளுக்காம். கடைசியில் தம்பியின் நெஞ்சில் கையை வைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மகஸான், மொன் ஃபிஸ்!" என் மகனின் கடை.

பொலிஸ்காரர் அடுக்கடுக்காகத் தும்மினார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பிக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டு, லட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மா உள்ளே வந்து கண்ணாடி அலுமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"நித்திரைக்கு என்ன வைச்சிருக்கிறாய்?"

"ஆருக்கம்மா?"

"எனக்குத்தான். உன்னைப் பொலிஸ் பிடிச்ச நாள் துடக்கம் நான் ஒழுங்காப் படுத்தெழும்பேல்லை."

இதை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தம்பி ஒரு தேநீர்ப் பொதியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். அம்மா கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு வந்திருந்த மாமிமார் எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் கேட்டு முண்டியடித்தார்கள்; மத்தியானத்துக்குள் எண்ணெய் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. விடிய முதலே எழும்புகிறவர். தம்பி கொடுத்தது ஏதும் செய்துவிட்டதோ என்று பதறிப்போய், நான் இருக்கும் ஆர்ஜொந்தெய்யிலிருந்து ரயில் பிடித்து வந்து, என்னிடமிருந்த திறப்பால் அம்மாவின் வீட்டுக் கதவைத் திறந்தேன். அம்மா கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தேநீர்ப் பொதி இருந்தது. அதை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.