துண்டால் பந்தைத் துடைத்தவர்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு வீடியோ எடுப்பது என் வேலை. இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம், பயிற்சி நேரத்தில் வேலிக்கு வெளியே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தினமும் வந்து நின்றார். பந்து வேலியைத் தாண்டிப் போனால், தோளில் கிடக்கும் துண்டால் அதன் மண்ணைத் துடைத்த பிறகுதான் திருப்பி எறிவார்.

வீடியோவைப் பெரிதாக்கியபோது அவர் சட்டைப்பையில் எதிரணிக் கல்லூரியின் பெயர் தெரிந்தது. அவர்களுடைய பேருந்து ஓட்டுநர். கேப்டனும் நானும் வேலியருகே போனோம்.

"ஏனுங்கண்ணா, எங்கள வேவு பாக்கவா வந்தீங்க?" என்றாள் கேப்டன்.

"ஆமாங்க சாமி, கோச்சு அனுப்புனாருங்க. பெனால்டிக்கு முன்னாடி நீங்க சாக்ஸ இழுத்து உட்டா பந்து இடப்பக்கந்தான் போவுது. அதைய அவருகிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்கும் தெரியோணுமல்லங்க."

இறுதிப் போட்டி சமநிலையில் முடியவிருந்த நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கேப்டன் நிதானமாகக் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டாள். கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கம் உள்ளே போனது.

ஆட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கப் போனோம். பேருந்துக்குள் அவர்களுடைய பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"சாக்ஸத் தொடாம அடிப்பீங்கன்னு நெனச்சனுங்க சாமி," என்றார். குரலில் கோபம் இல்லை. பேருந்தின் முன்கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

விதிப்படி அந்த கோலில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அந்த வீடியோவைப் போட்டால், கேப்டன் குனியும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன்.