கேட்கப் பயந்த கேள்வி

என் தம்பி தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் தற்கொலைத் தடுப்பு விழிப்புணர்வு சைக்கிள் பயணத்தில் சேர்ந்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு கடைசியாக வருவது என் பொறுப்பு.

பாதி வழியில், மனைவியை அதேபோல் இழந்த இளம் மில் தொழிலாளி ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்கண்ணே, நா பொறவு வாரேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியும் கடைசியாக இதே குரலில்தான் போனில் பேசினான்.

சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள் என்று முந்தின நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேட்டால், இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயம். "சாப்பிட்டீங்களா?" என்பதுதான் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "செத்துப்போகணும்னு தோணுதா தம்பி?" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. "ஆமாண்ணே. ஆறு மாசமா எல்லாரும் சாப்பிட்டியான்னுதான் கேக்காக. இத ஒருத்தரும் கேக்கல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பயணத்தோடு வந்த மனநல ஆலோசகரைப் போனில் அங்கேயே வரவழைத்தேன். அந்த அம்மா வந்து பேச ஆரம்பித்த பிறகும் அந்தக் கையை நான் விடவில்லை.

அன்றைக்குப் போனில் தம்பியிடம் நானும் சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.