நடைக்குழுவில் தொலைந்த ஒரு மாலை

என் நோயின் முதல் அறிகுறியை நான் அறியவில்லை. அதைப் பார்த்தவர்கள் எங்கள் பல்கலைக்கழக நடைக்குழுவினர்.

தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. அலுவலகம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் வளாகத்தை மூன்று சுற்று நடப்போம். நூலகத்தில் வேலை பார்க்கும் ஜெயராணி என் பக்கத்தில் வருவாள். அன்று ஷூ லேஸைக் கட்டியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, மதுரை மருத்துவமனையில் காலை வெளிச்சத்தில் என் கணவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“இது எந்த ஊரு?” என்றேன்.

அவர் கை நின்றது. “நேத்துலருந்து இதத்தான் கேக்குற. இப்பவாச்சும் நான் சொல்றது மனசுல நிக்குதா?”

நின்றது. அதற்கே அவர் கண் கலங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது சுற்றில், “நம்ம எங்கன போயிட்டு இருக்கோம்?” என்று கேட்டேனாம். விளையாட்டு என்று ஜெயராணி சிரித்திருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் அதே கேள்வி, அதே குரலில். என் பெயர், கணவரின் போன் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்ன பதில்தான் மனதில் தங்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே இருந்ததாக ஒருவர் சொல்கிறார், நடுங்கியதாக இன்னொருவர். யார் சொல்வது சரி என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது) என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேனில் எதுவும் இல்லை. வலிப்பும் இல்லை. தற்காலிக முழு மறதி (சில மணி நேரம் மூளை எதையும் புதிதாகப் பதியாத நிலை) என்றார் மருத்துவர். காரணம் உறுதியாகத் தெரியாதாம்.

“மறுபடி வருமா, டாக்டர்?”

“பெரும்பாலும் வராதும்மா.”

“அந்தச் சாயங்காலம்?”

“அது பதிவாகவே இல்லையே. எப்படித் திரும்பி வரும்?”

பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எதற்குப் பயப்படக் கூடாது என்றுதான் விளங்கவில்லை. கண்ணாடியை வைத்த இடம் மறந்தால் வீட்டில் சிரிப்பார்கள். நான் அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் அருகில் யாராவது திடீரென ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி நடக்கப் போனேன். ஜெயராணி முன்போலப் பேசவில்லை. அன்று மருத்துவமனை வண்டி வரும்வரை என்னை உட்கார வைத்திருந்த பெஞ்சருகே வந்ததும் நான் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நான் வேற என்ன கேட்டேன், ஜெயா?”

அவள் தயங்கினாள். “அப்பாவுக்குப் போன் போட்டியான்னு கேட்டீகக்கா.”

அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“இறந்துட்டாகன்னு சொன்னேன். அம்புட்டு அழுகை அழுதீக. கொஞ்ச நேரத்துல மறுபடி கேட்டீக. மறுபடி சொன்னேன், மறுபடி அழுதீக. மூணாவது தடவ என்னால முடியலக்கா. போட்டாச்சு, வந்துட்டு இருக்காகன்னு சொல்லிட்டேன். தப்புதான்.”

“நான் என்ன செஞ்சேன்?”

“சந்தோசமா வாசலையே பாத்துட்டு இருந்தீக.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை அழுதது இந்தக் கண்கள்தான். அந்தத் துக்கம் இவற்றுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, வண்டி வரும்வரை, என் அப்பா எனக்கு உயிரோடு இருந்திருக்கிறார். அந்த நேரம் ஜெயராணியிடம்தான் இருக்கிறது.