நோட்டின் ஓரத்தில் மைனஸ் ஐந்து

என் கணவரின் பாட்டு நோட்டு நீல அட்டை போட்டது. ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடும் ஓர் எண்ணும் எழுதியிருப்பார். சில இடங்களில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று. பாட்டுப் புத்தகத்தின் பக்கமாக இருக்கும், புத்தகம் மாறும்போது திருத்தியிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவர் போன பிறகு ஏழெட்டு மாதம் அந்த நோட்டைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கடையில் என்ன கூட்டம் இருந்தாலும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு வீட்டில் இருப்பார். ஜெபத்துக்கு முன்னால் ஒரு பாட்டு. அவர் கீபோர்டு வாசிக்க, நான் பாடுவேன். பியானோ கற்றவர் என்று சபையில் பெயர்; உண்மையில் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சுருதியில்தான். பாட்டு தொடங்குவதற்கு முன் ஏதோ ஒரு பொத்தானை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டிருப்பார். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து நிற்கிற எனக்கு எரிச்சலாக வரும். “அங்கன என்னத்த நோண்டிக்கிட்டு இருக்கிய? ஆரம்பிங்க” என்பேன். “பொறுட்டி, இந்தா முடிஞ்சிட்டு” என்பார். முப்பது வருஷமும் இதே பேச்சுதான்.

எனக்கோ குரல் கர்வம் உண்டு. சபையில் என் வயதுப் பெண்களெல்லாம் மேலே ஏற முடியாமல் திணறும்போது, நான் மட்டும் வீட்டில் அதே பாட்டுகளைக் கல்யாணமான புதிதில் பாடியதுபோலவே பாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் பெண்கள், “ஒங்க கொரலு மட்டும் அப்படியே இருக்கேக்கா” என்பார்கள். “தெனமும் பாடுனா கொரலு எங்க போவும்?” என்பேன். அவர் கீபோர்டைத் துணியால் மூடிக்கொண்டே சிரிப்பார். என் பெருமையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் போனபின் ஏழு மணிதான் பெரிய பாடாகிவிட்டது. பின்தெருவில் தறிகள் ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் கிடையாது. வேதத்தை வாசித்துவிட்டு, பாட்டில்லாமல் ஜெபத்தை முடித்துவிடுவேன். வருஷ நினைவு ஜெபத்துக்குச் சபையிலிருந்து யாரையாவது வாசிக்கச் சொல்லவா என்று சென்னையிலிருந்து மகள் கேட்டாள். “வேண்டாம். அப்பா பாட்ட நானே வாசிச்சுப் பாடுதேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், கீபோர்டை ஆன் செய்யும் இடம்கூட எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

மகள் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கட்டையை அமுக்கி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை அமுக்கி, மறுபடி ஒன்றை விட்டு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒலித்தால் அது ஒரு கார்ட். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை அமுக்கினால் சண்டை போடுகின்றன. இடையில் ஒன்றை விட்டால் ஒத்துப்போகின்றன. கடையில் மீந்த விலை ஸ்டிக்கர்களில் எழுத்து எழுதிக் கட்டைகள்மேல் ஒட்டினேன். கட்டைவிரலும் நடுவிரலும் சொன்னபடி கேட்டன. ஐம்பத்தெட்டு வருஷம் சும்மா இருந்த சுண்டுவிரல்தான் வணங்கவில்லை. சி கார்டிலிருந்து எஃப் கார்டுக்குத் தடுமாறாமல் போகவே பத்து நாள் ஆயிற்று. கேட்க ஆளில்லாததால் தப்பைப் பற்றிக் கூச்சமில்லை. சரியாக வந்தபோது சொல்ல ஆளில்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

விரல் பழகியதும் பாடத் தொடங்கினேன். இரண்டாம் வரியிலேயே குரல் உடைந்தது. மறுநாளும் அப்படித்தான். நோட்டில் வரிகளுக்கு மேலே அவர் எழுதியிருக்கிற அதே கார்டுகள், நான் ஆயிரம் தடவை பாடிய பாட்டு, ஆனால் எட்டவில்லை. அவரோடு என் குரலும் போய்விட்டது என்று உட்கார்ந்து அழுதேன்.

போனில் சொன்னதும் மகள் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். போன் முன்னால் நோட்டைப் பிடித்தேன். சிவப்பு எண்ணைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள்.

“அது பக்க நம்பர் இல்லம்மா. மைனஸ் அஞ்சு. ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு. ஒரு அமுக்குக்கு அரைச் சுருதி எறங்கும். அப்பா ஒனக்காக எறக்கி வச்சிருக்காவ.”

ஐந்து முறை அமுக்கினேன். அந்த டிக் டிக் சத்தம். பாட்டு இறங்கி வந்து என் தொண்டைக்குப் பக்கத்தில் நின்றது.

போனை வைத்துவிட்டு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அந்தப் பாட்டுக்கு முதலில் எழுதியது மைனஸ் இரண்டு. அதை அடித்து மூன்று, பிறகு நான்கு, கடைசியில் ஐந்து. எந்தப் பாட்டை எடுத்தாலும் அதே கதை. என் குரல் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் பாட்டையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. தெரிந்திருந்தால், அந்த அரை நிமிஷம் அவரைத் திட்டாமலாவது இருந்திருப்பேன்.

நினைவு ஜெபத்தன்று வீடு நிறைய ஆட்கள். காலையில் பாடிப் பார்த்தபோது ஐந்திலும் ஓரிடத்தில் தொண்டை பிடித்தது. ஒரு வருஷம் பாடாத குரல். அதனால் பாட்டு தொடங்குமுன் பொத்தானை எண்ணி எண்ணி அமுக்கிக்கொண்டிருந்தேன். “ஆரம்பிங்கக்கா” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

“பொறுங்க, இந்தா முடிஞ்சிட்டு” என்றேன்.

எனக்குத் தெரிந்த மூன்று கார்டை வைத்தே முழுப் பாட்டும் முடிந்தது. புறப்படும்போது அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொரலு அப்படியே இருக்குக்கா” என்றாள். நான் சிரித்துவிட்டுக் கீபோர்டைத் துணியால் மூடினேன்.

எல்லாரும் போனதும் நோட்டை எடுத்து, அவர் எழுதிய ஐந்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் மைனஸ் ஆறு என்று எழுதினேன். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை. என்னுடையது நீல மையில் இருக்கிறது.