ஸ்க்ரமுக்கு நடுவே ஓர் ஐலசா

“...அதனால, ஜெயிச்சா கையெழுத்து. தோத்தா திங்கக்கெழமையிலேருந்து இறால் கம்பெனி. ஒரே பேச்சுதான்” என்று அம்மா சொல்லி முடித்தபோது நான் மைதான ஓரத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாநில அணியின் பயிற்சி முகாமுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கும் தாள் அவளுடைய சுருக்குப்பையில் வெற்றிலையோடு வெற்றிலையாக மடிந்து கிடந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. ரக்பி ஆட வந்து ஒரு வருடம்தான்.

அம்மா எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் தொண்டையைத் திறந்தால், நங்கூரம் போட்ட படகில் தூங்குகிறவனும் எழுந்து விலை கேட்பான். அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் ஆட்டத்தைப் பார்க்கிறாள்.

“ஏளா, முன்னால ஆளில்லாமக் கெடக்கு, பந்தப் பின்னால போடுதா பாரு, கூறுகெட்டவ!”

“முன்னால போட்டா தப்பும்மா” என்றார் பக்கத்தில் நின்ற எங்கள் மாஸ்டர்.

“பெறவு எதுக்கு மாஸ்டர் இம்புட்டு ஓட்டம்?”

மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமம். எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு ஸ்க்ரம் கிடைத்தது. மூன்று பேருக்கு மூன்று பேர் குனிந்து, தலையைக் கோத்து நிற்பதுதான் ஸ்க்ரம். நடுவில் பந்து உருண்டு வந்த பிறகுதான் தள்ள வேண்டும். எனக்கு எதிரே ஒரு திண்டுக்கல்காரி. நாங்கள் மூவருமே கடற்கரைப் பெண்கள். வள்ளத்தை மணலில் ஏற்ற ஆள் போதாத நாளில் எங்களையும் கூப்பிடுவார்கள். அங்கே ஒரே விதி. “ஏலேலோ”வுக்கு மூச்சைப் பிடி, “ஐலசா”வுக்குத் தள்ளு. அது காதுக்கும் மூளைக்கும் போகிற சத்தமே இல்லை. நேரே காலுக்குப் போகிறது.

குனிந்தோம். பந்து இன்னும் எங்கள் ஆள் கையில்தான் இருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏலேலோ... ஐலசா!”

தள்ளிவிட்டோம். திண்டுக்கல்காரி கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். நடுவர் விசில் ஊதினார். முந்தித் தள்ளியது தப்பு, பந்து அவர்களுக்கு. அவர்களில் ஒரு ஒல்லிப் பெண் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய் எங்கள் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டாள். நாங்கள் மூவரும் அடுத்த ஐலசாவுக்காக இன்னும் குனிந்தே நின்றோம்.

தோற்றோம். எனக்கு அங்கேயே இறால் வாடை அடித்தது.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவரிடம் போனாள்.

“தம்பி, தப்பு எம்மேல. கூறுதவ தப்பாக் கூறிட்டா ஏலத்த மொதல்லேருந்து கூறணும். அதான் எங்க கடக்கர நியாயம். ஆட்டத்தத் திரும்ப உடுங்க.”

“அப்படியெல்லாம் ரூல் இல்லம்மா.”

“ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்குல்லா?”

நடுவர் தலையை ஆட்டிக்கொண்டு நகரப் பார்த்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ லேஸை மறுபடி கட்டத் தொடங்கினேன். விலையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

பிறகு நடுவர் கையிலிருந்த பேனாவைக் கேட்காமலே வாங்கினாள். சுருக்குப்பையிலிருந்து சம்மதத் தாளை உருவி உதறினாள். மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த திண்டுக்கல்காரியிடம் “கொஞ்சம் குனி மக்கா” என்று சொல்லி, அவள் முதுகில் தாளை விரித்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.