கொப்பரன் போன ஞாயிற்றுக்கிழமை

கடல் ஓரிடத்தில் கிழிந்தது போல இருந்தது. அந்தக் கிழிசலிலிருந்து கருநீலமாக ஒன்று எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. மூக்கு முடிந்து தலை வந்தது, தலை முடிந்து உடம்பு வந்தது, வால் மட்டும் இன்னும் வரவில்லை. காற்றில் நின்றபடி ஒருமுறை தலையை உதறிவிட்டுப் பக்கவாட்டில் விழுந்தது. தெறித்த தண்ணீர் படகிலிருந்த நால்வர் முகத்திலும் அறைந்தது. “கொப்பரன்டா!” என்று மாமா கத்தினார். வாள் போல மூக்கு நீண்ட அந்த மீனை அதுவரை தாம்பரம் மார்க்கெட்டில் அம்மா மீன் விற்கும் பலகையில் துண்டுகளாகத்தான் பார்த்திருந்தேன். உயிரோடு பார்த்தபோது ஒரு கோபத்துக்கு உடம்பு முளைத்தது போல இருந்தது. அந்தக் கோபத்தின் மறுமுனையில், தூண்டில் கழியைப் பிடித்துக்கொண்டு, என் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட். பத்து வயதில் பட்டறைக்கு எடுபிடியாக வந்து, அடி வாங்கி, வெல்டராகி, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர். தான் கற்றுக்கொண்ட விதத்திலேயே பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். வெல்டிங் கோணினால் கன்னத்தில் ஒன்று. அளவு தப்பினால் பின்மண்டையில் ஒன்று. அவரைவிட வயதில் மூத்த கிரைண்டிங்காரர்கூட வாங்குவார். வாங்கிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி மெஷினில் குனிந்துகொள்வார். அந்த ஷெட்டில் அடி வாங்காதவன் நான் ஒருவன்தான். நான் பாலிடெக்னிக் படித்தவன், டிராயிங் பார்க்கத் தெரிந்தவன். “நீ படிச்சவன்பா, உன் மேல கை வெக்க மாட்டேன்” என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். சொன்னபோது தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் படிப்புக்கு அர்த்தமே அதுதான். அப்பா செங்கல் லாரியில் லோடு ஏற்றியவர். மேஸ்திரி கையால் எத்தனை முறை வாங்கினார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான் டிப்ளமோ முடித்த அன்று அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: “கை ஓங்காத எடமா பார்த்து வேலைக்குப் போ.” என் மேல் கை ஓங்காத இடம் கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். பக்கத்தில் இருப்பவன் கன்னத்தில் விழும் சத்தத்துக்கு அந்த நம்பிக்கை காதைப் பொத்திக்கொண்டது.

டிவியில் வெள்ளைக்காரர்கள் நடுக்கடலில் பெரிய மீன் பிடிப்பதைப் பார்த்து முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. என் அக்கா வீட்டுக்காரர் கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் படகு வைத்திருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கு அது புதிதில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகில், ஞாயிற்றுக்கிழமைகளில், தூண்டில் போட ஆசைப்படும் டவுன்காரர்களை அழைத்துப் போய்க் கூட்டி வருவார். அவர்களுடைய ராடு, ரீல் எல்லாம் கையாளத் தெரியும். “உங்க ஓனரா? இட்டுனு வா. கடல்ல வாந்தி எடுத்தா நான் பொறுப்பு இல்ல” என்றார்.

முதலாளி சாதாரணமாகக் கிளம்பவில்லை. பாரிமுனையில் கிடைத்ததிலேயே தடித்த தூண்டில் நரம்பை வாங்கிவந்தார். டிவியில் பார்த்தது போல இடுப்பில் ஒரு பெல்ட் வேண்டும் என்று, கழியின் அடி பொருந்தும் குழாயை ஒரு ஸ்டெயின்லெஸ் தகட்டில் வைத்து என்னை வெல்டு செய்யச் சொன்னார். லாரிச் சரக்கு கட்டும் பட்டையில் அதைக் கோத்தோம். கடையில் விற்கும் பெல்ட்டில் கழி சும்மா குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்றால் உருவிக்கொள்ளலாம். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஷெட்டில் எதுவும் லூசாக இருக்கக் கூடாது. குழாய்க்கும் கழிக்கும் குறுக்கே துளை போட்டு, போல்ட் செருகி, அதிர்ந்தாலும் கழலாத நைலான் வைத்த நட்டைப் போட்டு இறுக்கினோம். “இப்ப புடுங்கிப் பாரு” என்றார். நான் இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

விடிந்ததும் கிளம்பினோம். முதலாளி, நான், மாமா, இன்ஜின் பிடிக்க மாமாவின் தம்பி. பெல்ட்டைப் பார்த்ததும் மாமாவின் தம்பி சிரித்துவிட்டார். “இன்னா சார் இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கணக்கா கீது?” மாமா சிரிக்கவில்லை. நட்டைத் தடவிப் பார்த்தார். “சார், இது கழலாதா?”

“கழலாது. அதுக்குத்தான் போட்டிருக்கு.”

“கழலணும் சார்.”

“யோவ், முப்பது வருஷமா இரும்புல வேலை பாக்கறேன். நீ படகை ஓட்டு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். கரை கோடாக மறைந்த பிறகு மாமா ரீலில் நரம்பு ஓடும் பிடியைத் தளர்வாக வைத்துக் கொடுத்தார். மீன் இழுத்தால் நரம்பு ஓடட்டும், ஓடி ஓடிக் களைக்கட்டும், அப்புறம் சுற்றலாம் என்று கையைக் காட்டிச் சொன்னார். முதலாளி தலையாட்டினார். மாமா இரை கோக்கத் திரும்பியதும், அந்தப் பிடியை முடிந்தவரை திருகி இறுக்கிவிட்டார். லூசாக ஓடும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

வெயில் ஏறும்வரை ஒன்றுமில்லை. பிறகு கொப்பரன் வந்தது.

முதல் பாய்ச்சலை ஏற்கெனவே சொன்னேன். இரண்டாவதில் அது படகைப் பார்த்துத் திரும்பியது. மூக்கு படகின் பக்கத்தில் மோதியபோது ஃபைபர் உடையும் சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, என் முழங்காலுக்குப் பக்கத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிறகு அது நேராகக் கீழே இறங்கியது. நரம்பு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அறுந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. அவ்வளவு தடித்த நரம்பு, அவ்வளவு இறுக்கமான ரீல், அதோடு போல்ட் போட்டு இணைத்த ஒரு மனிதர். முதலாளி நின்ற இடத்திலிருந்து பறித்து எடுத்தது போல விளிம்பில் போய் மோதினார். நெஞ்சுக்குள் ஏதோ முறிந்ததை நான் காதால் கேட்டேன். படகு சாய்ந்தது. அவர் தலையும் தோளும் கடலுக்குள் போயின, வந்தன, மறுபடி போயின.

நான் அவர் கால்களைக் கட்டிக்கொண்டேன். மாமாவின் தம்பி இன்ஜினை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தார். “ராடை வுடு சார்! வுட்று!” என்று கத்தினார். விடுவதற்கு அது கையில் இல்லை, வயிற்றில் இருந்தது. நான் படகின் டூல் பையைக் கவிழ்த்தேன். அந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் வேண்டும் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அது பையில் இல்லை. விரலால் திருகிப் பார்த்தேன்; நகம் பிய்ந்தது. மறுபடி கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கத்தியோடு விளிம்பில் குனிந்தார். நீட்டிய கை நரம்பை எட்டுவதற்குள் முதலாளியின் முகம் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. மூக்கில் ரத்தம். “வெட்டாதடா! என் மீனு அது! வெட்டுனே, கொன்னுடுவேன்!” அடுத்த இழுப்பில் இடுப்புவரை போனார். என் கையிலிருந்து ஒரு கால் வழுக்கியது. அவருடைய செருப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

மாமா வெட்டினார்.

நரம்பு அறுந்த வேகத்தில் நாங்கள் மூவரும் படகுக்குள் மல்லாந்து விழுந்தோம். சற்று நேரம் யாருடைய மூச்சு யாருடையது என்று தெரியவில்லை. முதலில் எழுந்தவர் முதலாளி. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கழி ஒரு கொம்பு போல ஆட ஆட, மாமாவிடம் நடந்துபோனார். ஷெட்டில் நான் நூறு முறை கேட்ட அதே சத்தம், மாமாவின் கன்னத்தில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. மீனை இழுத்தேற்றும் கொக்கிக் கம்பைக் கீழிருந்து எடுத்து, அதன் கட்டைப் பக்கத்தால் தோளில் ஒன்று, காதோடு சேர்த்து ஒன்று. மாமாவின் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

என் மேல் கை வைக்காத மனிதர். என் அக்கா புருஷன். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். “சார்” என்ற ஒரு சொல்தான் வந்தது, அதுவும் மரியாதையாக.

மாமாவின் தம்பி கத்தியை எடுத்துவிட்டார். “டேய் பாடு! இன்னாடா நென்ச்சிக்கினுகீற?” என்று பாய்ந்தவரை மாமா ஒரு கையால் மடக்கினார். “குந்து.”

“ண்ணா, ரத்தம் வருதுண்ணா!”

“குந்துடா. கடல்ல வோணாம்.”

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார். கத்தியைக்கூட மாமாவே வாங்கி உறையில் வைத்தார். அந்தக் குப்பத்தில் அது ஒரு கட்டுப்பாடு. கடல்மேல் ஒருத்தர் மேல் ஒருத்தர் கை ஓங்குவதில்லை. வலையை அறுத்தவனோ, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடியவனோ, யாராக இருந்தாலும் ஏறிய தலைகள் எல்லாம் கரை சேர வேண்டும். மற்றது எல்லாம் மண்ணுக்கு வந்த பிறகு. அக்கா கல்யாணமான புதிதில் இதை எனக்குச் சொல்லியிருந்தால், அடிப்பதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு என்று நினைத்திருப்பேன். அன்று அதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். காதில் ரத்தம் வழியும் மனிதர், தன்னை அடித்தவனின் முதுகுக்குப் பின்னால் வலையை மடித்து வைத்தார். படகு குதிக்கும்போது விலா அசையாமலிருக்க அலைக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டச் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். முதலாளி வாங்கிக் குடித்தார். சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்தாயிற்று என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

படகு மணலில் ஏறியது. மாமா முதலில் குதித்து, முதலாளியைக் கைத்தாங்கலாக இறக்கினார். அலை தொடும் ஈரத்தைத் தாண்டி, காய்ந்த மணல்வரை நடத்திக்கொண்டு போனார். மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சார், கால் ஊனிக்கினியா?”

“ம்.”

“தலை சுத்துதா?”

“இல்லப்பா.”

மாமா அடித்தார். ஒரே ஒரு அடி. முதலாளி மணலில் உட்கார்ந்துவிட்டார். கரையில் காத்திருந்த முதலாளியின் கார் டிரைவர் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தான், வெகுநேரம் பார்த்தான். மாமா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என்னிடம், “வெலா எலும்பு போய்க்கீது. வழில எங்கயும் நிக்காத ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ” என்றார். வண்டியின் டூல் பாக்ஸில் சரியான ஸ்பேனர் இருந்தது. முதலாளியின் மடியிலிருந்து கழியை நான் கழற்றியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விலாவில் கட்டோடு அவர் ஷெட்டுக்குத் திரும்பிய அன்று எனக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வந்ததும் நேராகக் கிரைண்டிங்காரரிடம் போனார். ஓரம் சரியாகத் தேயவில்லை என்று பின்மண்டையில் ஒன்று வைத்தார். பிறகு என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“உங்க மாமா ஆம்பளைடா” என்றார். “இத்தனை வருஷத்துல என்னைத் திருப்பி அடிச்சவன் அவன் ஒருத்தன்தான். கேட்டுச் சொல்லு. இன்னொரு வாட்டி போலாம்.”

“கேக்க மாட்டேன் சார்.”

“என்னது?”

“நான் கேக்க மாட்டேன்.”

வலது கை எழுந்தது. எனக்கு நேராக அது எழுந்தது அதுவே முதல்முறை. காது உயரம்வரை வந்து, அங்கேயே நின்றது. முதலாளியின் கண் ஒரு கணம் என்னை விட்டு எங்கோ போய்த் திரும்பியது. கையை இறக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

அந்தக் கை என் டிப்ளமோவுக்காக நிற்கவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. காய்ந்த மணலில் விழுந்த அந்த ஒரு அடிக்காக நின்றது. அப்பா என்னைப் படிக்க வைத்து வாங்கித் தந்ததாக நான் நம்பிய பாதுகாப்பை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மாமாவின் கை தந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேபினுக்கு வெளியே கிரைண்டிங்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடற்கரையில் யாரும் இல்லை.

இப்போது நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியின் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை. கோபம்கூட ஈமெயிலில் வருகிறது. அடிக்காத இடம் என்று அப்பா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அந்த ஷெட்டில் மேலும் கொஞ்ச காலம் இருந்தேன்.

கேபினில் நடந்ததற்கு மறுநாள் டிராயிங் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். “அங்க எதுக்குப்பா? தூசி பறக்கும்” என்றார் முதலாளி. “இங்கதான் சார் வெளிச்சம் வருது” என்றேன். தீப்பொறி பட்டு டிராயிங் தாள்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. முதலாளி கிரைண்டிங்காரரை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டு வருவார். நான் நிமிர்ந்து பார்ப்பேன். வேறு பக்கம் போய்விடுவார். டீ வரும்போது முதல் கிளாஸைக் கிரைண்டிங்காரர் என் மேஜையில் வைக்க ஆரம்பித்தார்.

இதை மாமாவிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் அட்ச்சது ஒரே அடி. அதையே நீ எத்தினி நாளுக்குடா வெச்சி துன்னுவ?”

நான் வேலையை விட்டு வரும்வரை தின்றேன். நானும் கிரைண்டிங்காரரும், இருவராகத் தின்றோம்.