போட்டோவுக்குப் புகைந்த அடுப்பு

போன மாதம் கேரள எல்லையோரம் இருக்கும் குன்னத்துகாலுக்குப் போயிருந்தேன். ஓணத்துக்கு இரண்டு ஏத்தன் குலை, அதாவது நேந்திரன் வாழைத்தார், சொல்லிவைக்கத்தான். வாழை பயிரிடும் லில்லி பாய் அக்காவின் சமையலறையிலிருந்து புகை... சாதாரணப் புகையா அது? கொசு மருந்து வண்டி வீட்டுக்குள் புகுந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"என்னக்கா, கேஸ் தீர்ந்துபோச்சா?"

"கேஸெல்லாம் உண்டு மக்கா. போட்டோ எடுக்க சார் வந்திருக்காரு. இது புகையில்லாத அடுப்பாக்கும்!" — சொல்லி முடிப்பதற்குள் இருமல். அக்காவுக்கு இழுப்பு வேறு உண்டு.

விஷயம் இதுதான். ஒரு பணக்கார நாடு அனுப்பிய பருவநிலை உதவி அந்த அடுப்பு. அதனால் அக்கா வீட்டில் மிச்சமாகும் புகைக்குப் பெயர் கார்பன் கிரெடிட். அதைக் காட்டி அங்கே ஒரு கம்பெனி தன் புகையை நிம்மதியாக விட்டுக்கொள்ளலாம். அக்காவோ பல வருடமாக கேஸில் சமைக்கிறவர்! மிச்சமாக எந்தப் புகை? ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்லட்டோடு ஒரு சார் வந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் ஈரத் தென்னம்பாளையைக் கொளுத்தி, அடுப்பு உபயோகத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். புகை அடங்கும்வரை முற்றத்தில் காத்திருந்துவிட்டு சார் கிளிக் செய்வார்.

"சேச்சி, ஒண்ணு சிரிக்கணும் கேட்டோ," என்றார் சார் அன்றும்.

அக்கா சிரிக்கவில்லை. "சாரே, எனக்கு அடுப்பு வேண்டாம். ஓடைக்கரை இடிஞ்சு கெடக்கு. நல்லா ஒரு மழை வந்தா வெள்ளம் முழுக்க எனக்க வாழையிலயாக்கும். முந்நூறு மூடு நிக்கு, பாட்டத்துக்கு எடுத்த நெலம். அந்தக் கரையைக் கெட்டித் தாருங்க."

அந்தக் குத்தகை நிலத்துக்குக் கரையையும் கட்டித் தருவார்கள் என்று நம்பித்தான் அக்கா அடுப்பையே வாங்கினார். சார் டேப்லட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அதுக்கு இந்த ஃபார்ம்ல எடமில்லையே சேச்சி."

இடமில்லையாம்!

வருடா வருடம் உலகத் தலைவர்கள் ஏதாவது ஒரு ஊரில் கூடுகிறார்கள். விமானத்தில் வந்து இறங்கி, ஏசி அரங்கில் கோட்டோடு உட்கார்ந்து, பூமி சூடாகிறதே என்று கவலைப்படுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நிலக்கரியைக் கொளுத்திச் செழித்த நாடுகள் "உதவுகிறோம்" என்கின்றன. என்ன உதவி என்பதையும் அவையே முடிவு செய்துகொள்கின்றன. நம்மவர்கள்? குரூப் போட்டோவில் எந்த வரிசை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா?

எனக்கும்தான் வெட்கம் வேண்டும். இந்த அடுப்பு வந்த புதிதில், இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், உலகம் ஒரே குடும்பமாகிவிட்டது என்று உருகி உருகி எழுதியவன் நானேதான்.

போன செவ்வாய் மத்தியானம் மழை பிடித்தது. அக்காவின் வாழை என்ன ஆயிற்றோ என்று — சரி, என் இரண்டு குலையும் என்ன ஆயிற்றோ என்று — ஓடினேன். கரை உடைந்து ஓடை தோட்டத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் போதும், கிழங்கு அழுகிவிடும். அக்காவின் ஒரு வருட உழைப்பு போச்சு. மண் மூட்டைகளைப் போடப் போட அடித்துக்கொண்டு போகிறது வெள்ளம்.

அக்கா வீட்டுக்குள் ஓடினார். திரும்பி வரும்போது இடுப்பில் அந்த இரும்பு அடுப்பு!

"எலே சுகு, பாத்திட்டு நிக்காத! ஒங்க வீட்டு அடுப்பையும் எடுத்திட்டு வா!"

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சுகு பறந்தார். ஐந்து வீட்டு அடுப்புகள் வந்து சேர்ந்தன. உள்ளே கல்லும் மண்ணும் திணித்து உடைப்பில் வரிசையாக இறக்கினோம். அதன்மேல் மூட்டைகள். நின்றுவிட்டது! சாயங்காலத்துக்குள் தோட்டத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியது. அக்கா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது — இந்தத் தடவை புகையால் அல்ல.

நேற்று டேப்லட் சார் மறுபடி வந்தார். மேலிடத்துக்கு அவசரமாக இன்னொரு போட்டோ வேண்டுமாம்.

"அடுப்பு எவிடெ சேச்சி?"

"அன்னா, கரைக்க அடியில கெடக்கு. இப்பளாக்கும் அது உருப்படியா ஒரு வேலை செய்யியது."

சார் ஓடையை எட்டிப் பார்த்தார். பிறகு ஐந்து வீட்டுக்கும் பழைய போட்டோவையே மறுபடி ஏற்றி, "உபயோகத்தில் உள்ளது" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆக, உலகக் கணக்குப்படி அந்த ஐந்து அடுப்புகளும் இன்றைக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன... ஓடைத் தண்ணீருக்குள்!